ஸஃப்பை மறைக்காத தூண்: மிஃமார் ஸினானின் வாழ்நாள் கணக்கு



சில மாதங்களுக்கு முன் ளுஹர் தொழுகை முடிந்ததும் நம் மத்ரஸா மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அன்று அவருக்கு ஒரு தூணின் ஓரத்தில் இடம் கிடைத்திருந்தது. ஸஃப் அந்தத் தூணில் முட்டி நின்று, அதன் மறுபுறத்தில் மீண்டும் தொடங்கியது. "ஹஜ்ரத், ஸஃப்பை இடைவெளி இல்லாமல் அமைக்க வேண்டும் என்று நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்? பள்ளிவாசலைக் கட்டியவர்களுக்கு இந்தத் தூண் ஸஃப்பை முறிக்கும் என்று தெரியாதா?" என்றார் அவர்.

"நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் வைத்தார்கள்" என்று விடையளித்தோம். அந்த விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பதை முகமே காட்டியது. அவருக்கு அன்று விரிவாகக் கூற இயலாததை இக்கட்டுரையில் கூற முனைகிறோம். இது ஒரு கட்டடக் கலைஞரின் வரலாறு. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் கணக்கைப் பற்றிய வரலாறும் ஆகும்.

கல்லின் இயல்பும் குப்பாவின் இயல்பும்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிவாசல்களில் வரிசை வரிசையாகக் கல்தூண்கள் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அவற்றின்மேல் கல் உத்தரங்களும், உத்தரங்களின்மேல் கற்பலகைகளும் கிடத்தப்பட்டுள்ளன. கல்லை மேலிருந்து அழுத்தினால் எவ்வளவு சுமையையும் அது தாங்கும். ஆனால் அதையே இரு முனைகளில் தாங்கி உத்தரமாகக் கிடத்தினால், சுமை ஏற ஏற அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுவிசையைக் கல் தாங்காது. விரிசல் கண்டு முறியும். ஆகவே ஓர் உத்தரத்தின் நீளத்திற்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அடுத்த தூண் வந்தே ஆக வேண்டும். நம் முன்னோர் ஸஃப்பின் தொடர்ச்சியைச் சற்று விட்டுக்கொடுத்து, நூற்றாண்டுகள் நிற்கும் கூரையைப் பெற்றனர். தேவையின்றித் தூண்களுக்கிடையே ஸஃப் அமைப்பதை மார்க்க அறிஞர்களில் ஒரு சாரார் விரும்பத்தகாததாகக் கருதினர். இட நெருக்கடி ஏற்படும்போது அதில் குற்றமில்லை என்றும் கூறினர்.

தூணின்றி அகன்ற இடத்தை மூடுவதற்கு மற்றொரு வழி குப்பா, அதாவது கவிகை மாடம். குப்பாவில் கற்களும் செங்கற்களும் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால் நீண்ட உத்தரம் தேவைப்படுவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு சிலேட்டுகளை எடுத்து, மேல் முனைகள் ஒன்றையொன்று தொடுமாறு சாய்த்து நிறுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் அடிப்பக்கங்கள் வழுக்கி வெளியே விலகும். செங்குத்தாக நிறுத்தினால் குறைவாக விலகும். தாழ்வாகச் சாய்த்தால் விரைவாக விலகும். குப்பாவும் தன் எடையால் கீழே அழுத்துவதோடு நில்லாமல், தன் அடிவிளிம்பை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளுவிசையை எங்கேனும் ஓரிடத்தில் தடுத்து நிறுத்தியாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குப்பாவைத் தாழ்வாக அமைத்தால் தள்ளுவிசை மிகும். உயர்த்தினால் எடையும் செலவும் கூடும். வெளிச்சத்திற்காகச் சாளரங்களைத் திறந்தால் சுவரின் வலிமை குன்றும். சுவரைப் பருமனாக்கினால் உள்ளே இருள் சூழும். மேலும், ஒரு குப்பாவின் எல்லா அளவுகளையும் இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிறது. ஆனால் இருமடங்கான தூணின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகிறது. ஆகவே, பெரிய குப்பாவிற்கு அதன் விகிதத்தையும் மிஞ்சிப் பருத்த தூண்கள் வேண்டும். எந்த இடத்தைத் திறந்துவைக்கக் குப்பாவைத் தேடினோமோ அந்த இடத்தையே தூண்கள் விழுங்கிவிடும்.

இவ்வாறு ஒன்றோடொன்று முரண்படும் தேவைகளுக்கிடையே மிகவும் உகந்த நிலையைக் கண்டறிவதைப் பொறியாளர்கள் இன்று உகப்பாக்கம் என அழைக்கின்றனர். கணினியும் இன்றைய பொறியியல் கணிதமும் இல்லாத காலத்தில், இந்தக் கணக்கைக் கல்லிலும் செங்கல்லிலும் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தவர் ஸினான்.

ஐம்பது வயதில் தொடங்கிய பணி

ஸினான் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், அனத்தோலியாவின் கைஸேரி நகருக்கு அருகிலுள்ள அகிர்னாஸ் என்னும் சிற்றூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். உஸ்மானியர்களின் வழக்கப்படி அரசுப் பணிக்கு எடுக்கப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, யெனிசெரிப் படையில் சேர்ந்தார். பெல்கிரேடு முதல் பாக்தாத் வரை சுல்தான் சுலைமானின் படையெடுப்புகளில் பங்கேற்றார். படைகள் கடக்கப் பாலங்களையும், வான் ஏரியில் செல்லப் படகுகளையும் அமைத்துக் கொடுத்தார். போர்க்களத்தில் கிடைத்த மரத்தையும் கிடைத்த நாள்களையும் கொண்டுதான் ஒரு பாலத்தைக் கட்ட முடியும். இருப்பதைக்கொண்டு ஆகவேண்டியதைச் செய்யும் பயிற்சி அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

ஏறத்தாழ ஐம்பது வயதில், 1539ஆம் ஆண்டையொட்டி, அவர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமிக்கப்பட்டார். 1588இல் மறையும்வரை மூன்று சுல்தான்களின் ஆட்சியில் அப்பொறுப்பை வகித்தார். பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், பாலங்கள், நீர்வழிகள், குளியல் கூடங்கள் என முந்நூறுக்கும் மேற்பட்ட பணிகள் அவர் பெயரில் பட்டியலிடப்பட்டுள்ளன.

இஸ்தான்பூலில் அவர் கண்முன் எந்நேரமும் நின்றது அயா ஸோஃபியா. 537ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட அதன் குப்பாவின் விட்டம் ஏறத்தாழ 31 மீட்டர். அதன் முதல் குப்பா தாழ்வாக அமைந்திருந்தது. நிலநடுக்கங்களுக்குப் பின் 558இல் இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 6 மீட்டர் உயர்த்தி அதை மீண்டும் கட்டினர். நம் சிலேட்டுகளைச் சற்று நிமிர்த்தி வைத்ததைப் போன்றது இது. அதன் பின்னரும் பத்தாம் நூற்றாண்டிலும் பதினான்காம் நூற்றாண்டிலும் அதன் பகுதிகள் இடிந்தன. பிற்காலத்தில் அதற்கு முட்டுச்சுவர்கள் எழுப்பி வலுப்படுத்தும் பொறுப்பும் ஸினானிடமே வந்து சேர்ந்தது. முன்னோர் எங்கே துணிந்தனர், அத்துணிவிற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதை அந்தக் கட்டடத்தின் விரிசல்களிலேயே அவரால் படிக்க முடிந்தது.

ஷஹ்ஸாதாவும் சுலைமானிய்யாவும்

1543இல் சுல்தானின் மகன் இளவரசர் முஹம்மது காலமானார். அவர் நினைவாக ஷஹ்ஸாதா பள்ளிவாசலைக் கட்டும் பணி ஸினானிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்த விட்டம் 19 மீட்டரே. நடுக்குப்பாவின் நான்கு புறங்களிலும் நான்கு அரைக்குப்பாக்களை அணைத்து வைத்தார். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தாங்கப்பட்டதால் தள்ளுவிசை சமநிலை அடைந்தது. கண்ணுக்கும் நிறைவான வடிவம்தான். ஆனால் நான்கு பெருந்தூண்கள் தொழுகைக் கூடத்தின் நடுப்பகுதியைச் சூழ்ந்து நின்றன. நான்கு திசையும் ஒன்றுபோல் இருந்ததால், கிப்லாவின் திசைக்கெனத் தனிச்சிறப்பு ஏதும் அமையவில்லை.

1550இல் சுலைமானிய்யாவின் பணி தொடங்கியது. இம்முறை விட்டம் 26 மீட்டரைத் தாண்டியது; உச்சி தரையிலிருந்து 53 மீட்டர் உயரத்தில் அமைந்தது. ஷஹ்ஸாதாவின் சீரான வடிவத்தை ஸினான் இங்கே கைவிட்டார். கிப்லாத் திசையிலும் அதற்கு எதிர்த் திசையிலும் மட்டும் அரைக்குப்பாக்களை வைத்தார். மற்ற இரு பக்கங்களிலும் பெரிய வளைவுகளைத் திறந்து, அவற்றின் கீழுள்ள சுவர்களைச் சாளரங்களால் நிரப்பினார். வெளிச்சம் கிடைத்தது. ஆனால் அந்த இரு பக்கங்களிலும் தள்ளுவிசையைத் தடுக்க அரைக்குப்பாக்கள் இல்லை. எனவே பெரும் முட்டுச்சுவர்கள் தேவைப்பட்டன. அவற்றை முழுவதும் உள்ளே வைத்தால் ஸஃப்கள் குறுகும். முழுவதும் வெளியே வைத்தால் கட்டடத்தின் தோற்றம் குலையும். சுவரின் இருபுறமும் பகிர்ந்து நிற்குமாறு அவற்றை அமைத்து, இடையிடையே நடைமாடங்களைக் கட்டி அவற்றின் பருமன் கண்ணில் படாதவாறு செய்தார். மறைக்க முடியாத சுமையைப் பயனுள்ள இடமாக்கிக்கொண்டார்.

காலமும் இந்தக் கணக்கில் ஒரு சரக்குதான். பணி நீண்டுகொண்டே சென்றபோது, கட்டடக் கலைஞர் அசட்டையாக இருக்கிறார், குப்பா நிற்பதே ஐயம் எனச் சிலர் சுல்தானிடம் முறையிட்டனர். சினத்துடன் வந்து கேட்ட சுல்தானிடம், இரண்டே மாதங்களில் முடித்துத் தருவதாக ஸினான் வாக்களித்து அவ்வாறே முடித்தார் என அவருடைய நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. அவற்றை எழுதியவர் அவர் நண்பரான கவிஞர் ஸாயி முஸ்தஃபா செலெபி. மெருகுப் பணிகளை விரைவுபடுத்தலாம். ஆனால் அடித்தளத்திற்கும் தூண்களுக்கும் உரிய ஆண்டுகளை அவர் முன்பே செலவிட்டிருந்தார். எங்கே அவசரப்படலாம், எங்கே அவசரப்படலாகாது என்பதை அறிந்தவரே அத்தகைய வாக்கைக் கொடுக்க இயலும். 1557இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது.

ஒளிக்குக் கொடுத்த விலை

ஸினானின் எல்லாத் தேர்வுகளும் விலையின்றி வெற்றி பெற்றவை என எண்ணிவிடலாகாது. 1560களில் சுல்தானின் மகள் மிஹ்ரிமாவுக்காக, இஸ்தான்பூல் கோட்டை மதிலருகே எடிர்னேகாப்பியில் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுள்ள குப்பாவை அரைக்குப்பாக்களின் துணையின்றி நான்கு வளைவுகளின்மேல் ஏற்றினார். வளைவுகளின் கீழுள்ள சுவர்களில் முடிந்த அளவு சாளரங்களைத் திறந்தார். உள்ளே நிற்பவர் வெளிச்சத்தின் நடுவே நிற்பதாக உணர்வார். ஆனால் சுற்றிலும் அணைத்துத் தாங்கும் பகுதிகள் குறைந்த கட்டடம் நிலம் அசையும்போது எளிதில் பாதிக்கப்படும். 1894ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் 1999ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் அப்பள்ளிவாசல் சேதமடைந்தது. பழுதுபார்க்கப்பட்டு இன்றும் தொழுகை நடைபெறுகிறது. ஒளியை விரும்பியவர் உறுதியில் ஒரு பங்கை ஈடாகக் கொடுத்தார். அந்த விலையைச் செலுத்தியவர்கள் பல தலைமுறைகளுக்குப் பின் வந்தவர்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு தேர்வையும் காண்போம். இஸ்தான்பூலுக்கு மேற்கே புயுக்செக்மெஜே என்னும் உப்பங்கழியைக் கடக்க ஒரு பாலம் தேவைப்பட்டது. குறுகலான இடத்தில் கட்டினால் பாலம் சிறியதாகும். கல்லும் கூலியும் மிச்சமாகும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சேற்று நிலத்தில் நிறுத்திய தூணுக்கு ஆயுள் குறைவு. ஸினான் கடற்பக்கத்தில் ஆழம் குறைந்த, அடித்தளம் உறுதியான தடத்தைத் தேர்ந்தெடுத்தார். அதனால் பாலம் 636 மீட்டர் நீண்டது. ஒரே பெரும் பாலமாக எழுப்பாமல், இடையே செயற்கைத் திட்டுகளை அமைத்து நான்கு பாலங்களாகப் பிரித்தார். 28 வளைவுகளுடன் 1567இல் அது நிறைவடைந்தது. அதைக் கட்டப் பணித்த சுல்தான் சுலைமான் அதற்கு முந்தைய ஆண்டே போர்க்களத்தில் காலமாகியிருந்தார். அதிகச் செலவைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு நீண்ட ஆயுளைப் பெற்ற அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது.

ஸலீமிய்யா: எண்பது வயதின் விடை

1568ஐ ஒட்டி, சுல்தான் இரண்டாம் ஸலீம் எடிர்னே நகரில் ஒரு பள்ளிவாசலைக் கட்டுமாறு பணித்தார். ஸினானுக்கு அப்போது ஏறத்தாழ எண்பது வயது. குப்பாவின் விட்டத்தை அயா ஸோஃபியாவின் அளவிற்கே, ஏறத்தாழ 31 மீட்டராக, அவர் நிர்ணயித்தார்.

நான்கு தூண்களின்மேல் அவ்வளவு பெரிய குப்பாவை ஏற்றினால் ஒவ்வொரு தூணும் ஓர் அறையின் அளவிற்குப் பருத்துவிடும். ஆகவே தூண்களை எட்டாக்கினார். தூண்களைக் கூட்டினால் இடம் அடைபடும் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் சுமை எட்டாகப் பிரிந்ததால் ஒவ்வொன்றும் மெலிந்தது. தூண்களுக்கிடையே உள்ள வளைவுகளும் சிறியவையாகித் தள்ளுவிசை குறைந்தது. சதுரத்தைவிட எண்கோணம் வட்டத்திற்கு நெருக்கமானது என்பதால், குப்பாவைத் தாங்க மூலைகளில் நிரப்பவேண்டிய இடைவெளியும் சுருங்கியது. அந்த எட்டையும் சுவர்களை ஒட்டி ஒதுக்கி, அவற்றின் முட்டுகளைச் சுவர்களோடு இணைத்தார். நடுக்கூடம் ஒரே வெளியாகத் திறந்துகொண்டது. மிஹ்ராபைச் சற்றே பின்னுக்குத் தள்ளி மாடம்போல் அமைத்து, தொழுவோரின் பார்வை அதை நோக்கிச் செல்லுமாறு செய்தார்.

அவர் எதை விட்டுக்கொடுத்தார்? உயரத்தை. அவருடைய நினைவுக் குறிப்புகளில், அயா ஸோஃபியாவை விஞ்சிவிட்டோம் என்னும் பெருமிதம் ஒலிக்கிறது. ஆனால் தரையிலிருந்து அளந்தால் அயா ஸோஃபியாவின் உச்சி ஏறத்தாழ 55 மீட்டர். ஸலீமிய்யாவின் உச்சியோ 43 மீட்டர் அளவே. அடுக்கடுக்காக ஏறும் அரைக்குப்பாக்களின் பெருமிதத்தையும் அவர் துறந்தார். மேலும், தூண்களை விலக்கித் திறந்த நடுக்கூடத்தின் மையத்திலேயே முஅத்தின்களுக்கான மேடையைச் சிறு தூண்களின்மேல் அமைத்தார். அங்கிருந்து எழும் குரலுக்குக் கூடத்தின் எல்லாப் பக்கமும் சம தொலைவாகிறது. ஆனால் அந்த இடத்தில் ஸஃப் முறிகிறது. எல்லாவற்றையும் பெற்ற கட்டடம் என்று அதையும் கூற இயலாது.

1574இன் இறுதியில் சுல்தான் ஸலீம் காலமானார். பள்ளிவாசல் அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது. ஷஹ்ஸாதாவைத் தம் மாணவப் பருவத்தின் பணி என்றும், சுலைமானிய்யாவைத் தேர்ந்த தொழிலாளியின் பணி என்றும், ஸலீமிய்யாவையே ஆசானின் பணி என்றும் ஸினான் கருதியதாக வழங்கிவருகிறது. அரைகுறையாகக் கண்ட விடையைக் குறித்து அவர் வெட்கப்படவில்லை. அதையே இறுதி விடையென்று பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளவும் இல்லை.

நம் ஜமாஅத்துகளுக்கு

மார்க்கச் சட்டக் கலையைப் பயின்றோருக்கு இச்சிந்தனை புதிதன்று. இரண்டு தீங்குகளுள் ஒன்றைத் தவிர்க்க இயலாதபோது இலகுவானதை ஏற்க வேண்டும் என்பதும், நன்மையைத் தேடுவதைவிடத் தீங்கைத் தடுப்பது முற்பட்டது என்பதும் நம் ஃபுகஹாக்கள் வகுத்த விதிகளே. வானம் உயர்த்தப்பட்டதையும் தராசு நிறுவப்பட்டதையும் சேர்த்தே கூறும் ஸூரத்துர் ரஹ்மானை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். உயர்த்துவதற்கும் எடைபோடுவதற்கும் உள்ள உறவை ஸினானின் வரலாற்றிற்குப் பின் சற்றுக் கூடுதலாகவே உணர்கிறோம்.

ஆனால் நம் பள்ளிவாசல்களைக் கட்டும்போது இந்தத் தராசை நாம் எடுக்கிறோமா? நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டினர். மினாராக்கள் இரண்டும் ஊருக்கு வெளியிலிருந்தே தெரியுமாறு உயர்ந்தன. அதற்குள் நன்கொடை தீர்ந்துவிட்டது. பெண்களுக்கான தொழுமிடம் வரைபடத்தோடு நின்றது. உளூச் செய்யுமிடத்தில் முதியவர்கள் அமர இருக்கை இல்லை. மத்ரஸாப் பிள்ளைகள் மூன்று ஆண்டுகளாகத் தகரக் கொட்டகையில் ஓதுகின்றனர். ஐப்பசி மழையில் பாடத்தை நிறுத்திவிட்டு கிதாபுகளைக் காக்க வேண்டியிருக்கிறது. அங்கும் ஒரு விட்டுக்கொடுப்பு நிகழத்தான் செய்தது. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை எவரும் அமர்ந்து பேசவில்லை. விட்டுக்கொடுத்தவர்களிடம் எவரும் கேட்கவும் இல்லை.

சுலைமானிய்யாவின் குப்பாவைப் படத்தில் பார்த்து வியக்கும் நாம், அதைச் சூழ்ந்து கட்டப்பட்ட மத்ரஸாக்களையும் மருத்துவமனையையும் ஏழைகளுக்கு உணவளித்த சமையற்கூடத்தையும் மறந்துவிடுகிறோம். அவை குப்பா முடிந்தபின் மிச்சப் பணத்தில் சேர்க்கப்பட்டவை அல்ல. ஒரே திட்டத்தின் பகுதிகள்.

ஆகவே கட்டடக் குழு கூடும் ஒவ்வோர் ஊரிலும், வரைபடத்தை விரிப்பதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல்களை எழுதுமாறு வேண்டுகிறோம். எதை எந்நிலையிலும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது முதற்பட்டியல். பணமோ இடமோ போதாமல் போனால் எதை முதலில் விடுவோம் என்பது இரண்டாவது. அந்த ஆலோசனையில் பெண்களும், முதியவர்களும், ஓதும் பிள்ளைகளின் பெற்றோரும் இடம்பெற வேண்டும். பொறியாளரிடம் "அழகாகக் கட்டித் தாருங்கள்" என்று மட்டும் கூறினால் அவர் தமக்குத் தெரிந்த அழகைக் கட்டித் தருவார். நமக்கு எது முதன்மை என்பதை நாம்தான் கூற வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவருக்கு ஸலீமிய்யாவின் தரைப்படத்தைப் பின்னொரு நாளில் காட்டினோம். எட்டுத் தூண்களையும் விரலால் தொட்டு எண்ணினார். நடுவிலிருந்த முஅத்தின் மேடையைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்து, "இங்கேயும் ஸஃப் முறியத்தானே செய்கிறது, ஹஜ்ரத்?" என்றார். "ஆம், முறிகிறது. அதற்கு ஈடாக அங்கே என்ன கிடைத்திருக்கும் என்பதைச் சிந்தித்துவிட்டு நாளை வாருங்கள்" என்று அனுப்பிவைத்தோம்.

எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் அறிவையும், தேர்ந்தெடுத்ததற்குப் பொறுப்பேற்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.